ஐந்து சவரன் கப்பல் காசு

போன முறை பழைய சவரன்களைப் பற்றி எழுதினேன். கடல் போர் நினைவுக் காசுகளைப் பற்றி இத்தனை பேர் கேட்பார்கள் என்று அப்போது நினைக்கவில்லை. கீழக்கரையில் இருந்து மட்டும் மூன்று கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

லண்டனில் இருந்த மாமா 2005-ல் ஊருக்கு வந்தபோது உம்மாவுக்கு ஒரு தங்கக் காசு கொடுத்தார். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் கப்பல்கள், டிரஃபால்கர் என்று எழுத்து. 5 பவுண்டு என்றும் இருக்கிறது. அப்படியென்றால் ஐநூறு, அறுநூறு ரூபாய்தான் பெறுமா? டிரஃபால்கர் என்பது என்ன போர்?
– வாசகி, கீழக்கரை

அந்த விலைக்கு யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. 5 பவுண்டு என்பது காசின் மேல் அச்சடித்த முகமதிப்பு மட்டும்தான். பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலை டிரஃபால்கர் போரின் 200ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட காசு இது. தங்கத்தில் அடித்தது 39.94 கிராம், 22 காரட்.

இந்த எடையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் நகைக்கடையில் சொல்லும் 'சவரன்', ஆங்கிலேயரின் 'சாவரின்' காசின் பெயர்தான். 'பவுன்' வந்தது பவுண்டில் இருந்து. அந்தக் காசின் எடை 7.988 கிராம். அதைத்தான் நாம் 8 கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். உங்கள் கப்பல் காசு சரியாக ஐந்து சாவரின் எடை. ஆக, உம்மாவின் பெட்டியில் இருப்பது ஐந்து சவரன் தங்கம். அன்றைய 22 காரட் கிராம் விலையை 39.94-ஆல் பெருக்கினால் தங்கத்தின் மதிப்பு வந்துவிடும்.

போரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1805 அக்டோபர் 21-ல் ஸ்பெயினின் தென்மேற்குக் கரைக்கு அருகே நடந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனிடம் 27 போர்க்கப்பல்கள், எதிரில் பிரெஞ்சு-ஸ்பானியக் கூட்டுப்படையிடம் 33. பிரிட்டிஷ் தரப்பு ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. ஆனால் 'விக்டரி' கப்பலின் மேல்தளத்தில் குண்டடிபட்ட நெல்சன் அன்றே இறந்துபோனார். அதே நெல்சன் பதினைந்து வயதுப் பையனாக 1774-ல் 'சீஹார்ஸ்' கப்பலில் சென்னைக்கு வந்திருக்கிறார்.

தங்க விலைக்கு மேல் சேகரிப்பாளர் விலை கிடைக்க வேண்டுமானால் பெட்டி, சான்றிதழ், காசை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை மூன்றும் இருக்க வேண்டும். அதுவும் சென்னை, மும்பை நாணய ஏலங்களில்தான். நம்மூர் நகைக்கடைத் தராசில் போர்க்கதைக்கு எடை கிடையாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, உருக்கத்தானே வாங்குகிறார்கள்.

அதே டிரஃபால்கர் காசு என்னிடமும் உண்டு. தங்கமா, பூச்சா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? உரைகல்லில் உரசக் கொடுக்க மனசு வரவில்லை.
– வாசகர், மண்டபம்

உரசாதீர்கள். உரசினால் காசு போச்சு. முதலில் தராசில் வையுங்கள். இதே காசு செம்பு-நிக்கல் கலவையிலும் வெள்ளியிலும் வந்தது. மூன்றுக்கும் குறுக்களவு 38.61 மி.மீ.தான், அதனால் கண்ணை நம்ப முடியாது. ஆனால் தங்கம் 39.94 கிராம், மற்ற இரண்டும் 28.28 கிராம். மஞ்சளாக மின்னும் காசு 28 கிராம் காட்டினால், அது பூச்சு.

எடை சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? டிஜிட்டல் தராசில் பாதி தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி பிடியுங்கள். 22 காரட் என்றால் தராசு 2.2, 2.3 கிராம் காட்டும். செம்பு-நிக்கலுக்கு 3.2 வரும். காசு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறது என்பதுதான் அந்த எண். கைபடாத காசாக இருந்தால் நூல் கட்டும் வேலை வேண்டாம். காரட் மீட்டர் இருக்கும் கடையில் கீறல் விழாமல் பார்த்துத் தருவார்கள்.

பேத்தி கல்யாணத்துக்கு என்னிடம் உள்ள டிரஃபால்கர் தங்கக் காசை வளையம் வைத்து டாலராக்கலாமா? கடல் காற்றில் மங்கியும் இருக்கிறது, புளி போட்டுக் கழுவலாமா?
– தொண்டி வாசகி

காசுமாலை நம் வழக்கம்தான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் வளையம் பற்றவைத்த நிமிடத்தில் சேகரிப்பு மதிப்பு போய்விடும், மிஞ்சுவது தங்க விலை. விற்கும் எண்ணம் இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள். பற்றவைக்காமல், விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் சட்டத்தில் பொருத்தச் சொன்னால் இன்னும் நல்லது.

கழுவுவது மட்டும் வேண்டாம். இளவயதில் நான் ஒரு காசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

துபாயில் இருக்கும் தம்பி இப்படி ஒரு காசு வாங்கி வருகிறேன் என்கிறான். 20 கிராம் வரை வரி இல்லையாமே?
– வாசகர், தேவிபட்டினம்

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்பது நகைக்கு மட்டும். நாணயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ரசீதோடு விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் வந்து வரி கட்டச் சொல்லுங்கள்.

ராஜேந்திர சோழன் காசு தங்கத்தில் வந்ததா?
– வாசகர், ராமநாதபுரம்

இல்லை. கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, 2025 ஜூலை 27-ல் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் வெளியிட்ட நினைவு நாணயம் தங்கம் அல்ல.

'வேதாளை 1538' என்று தமிழில் எழுதிய தங்கக் காசு ஒன்றை ஒருவர் காட்டுகிறார். போர் நடந்த காலத்தில் அடித்தது, பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்பில் தோண்டியபோது கிடைத்தது என்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா ஐயா?
– வாசகர், கீழக்கரை

போர் உண்மை. இலங்கையில் 'கோட்டை' என்ற அரசின் மன்னனை எதிர்த்து நின்ற சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவ, கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் மரைக்காயர் கப்பல்கள் அங்கே கிளம்பின. அவற்றை 1538-ல் மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசாவின் போர்ச்சுகீசியப் படை வேதாளையில் மடக்கித் தோற்கடித்தது. மண்டபத்துக்குப் போகும் பஸ்ஸில் தினம் அந்த ஊரைத் தாண்டுகிறவர்களுக்கே இது தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

காசுதான் பொய். படத்தில் எழுத்தைப் பாருங்கள். 'வே' என்று இரட்டைக் கொம்பு போட்டிருக்கிறது. குறிலையும் நெடிலையும் இப்படிக் கொம்பால் பிரித்தது வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில். அப்புறம் கடைசியில் 'ளை'. உங்கள் தாத்தா கால அச்சில் அந்த எழுத்து துதிக்கை வளைந்த மாதிரி, ளகரத்தோடு ஒட்டி இருக்கும். இப்போது நாம் எழுதும் வடிவம் 1978-ல் அரசாணையோடு பரவியது. 1538-ல் காசு அடித்த அக்கசாலைக்காரர் அதை எங்கே போய்ப் படித்தார்?

தோப்புக் கதை நிஜமாகவே இருந்தாலும் அவர் அதை உங்களிடம் விற்கவே கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் இருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "கலெக்டர் ஆபீஸ் கடிதத்தின் நகல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அடுத்த முறை அவர் தோப்பு என்று சொல்ல மாட்டார், வேறு ஏதாவது சொல்வார்.