செல்போனை விடப் போகிறவர்களுக்கு: கேட்ட கேள்விகளும் பதில்களும்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் மீன்பிடி வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கென்று செல்போன் கிடையாது, விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. கடையில் ஒரு லேண்ட்லைன், கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் அலமாரி மேல் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கீபேட் போன். இதைக் கேள்விப்பட்டு, தாங்களும் விடலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கி, எனக்குத் தெரிந்ததைப் பதிலாக எழுதுகிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, விடணும்னு ஆசைதான். ஆனா பேங்க், ஆதார், கேஸ் எல்லாமே அந்த நம்பர்லதான் இருக்கு. எதுல ஆரம்பிக்கிறது?

சரியான இடத்தில் பிடித்திருக்கிறாய். போனை டிராயரில் போட்டுப் பூட்ட ஒரு நிமிடம் போதும், நம்பரை விடுவதுதான் வேலை. ரீசார்ஜ் செய்யாமல் அப்படியே போட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பாலன்ஸும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் கம்பெனி அந்த நம்பரை முடக்கலாம். அப்புறம் இன்னொரு 90 நாளாவது கழித்து அதே நம்பர் வேறு யாருக்காவது போகும். பேங்கில் நீ நம்பரை மாற்றவில்லை என்றால் உன் கணக்கின் ஓடிபி முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேரும்.

அதனால் முதலில் யுபிஐ ஆப்பில் இருந்து கணக்கை நீக்கு. பிறகு பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கே நேரில் போய், நம்பர் மாற்றத்துக்கு எழுதிக் கொடு, மாறிவிட்டதா என்று சில நாள் கழித்து மறுபடி கேள். ஆதார் நம்பரை ஆதார் சேவை நடக்கும் தபால் நிலையத்தில் மாற்றலாம், கைரேகைக்கு நீயே போக வேண்டும். கேஸ், ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ், பிஎஃப் இருந்தால் அதுவும். வாட்ஸ்அப்பை போனில் இருந்து அழித்தால் மட்டும் போதாது, செட்டிங்ஸில் போய் அக்கவுண்ட்டையே டெலிட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் உள்ளவர்கள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், நீ பார்த்துவிட்டாய் என்று நினைப்பார்கள்.

இதெல்லாம் முடிந்ததும் சிம்மை உடனே சரண்டர் செய்யாதே. ஒரு பழைய கீபேட் போனில் போட்டு இரண்டு மூன்று மாதம் வைத்திரு. இன்னும் எந்த இடத்திலிருந்து மெசேஜ் வருகிறதோ அந்த இடத்தில் உன் நம்பர் மாறவில்லை என்று அர்த்தம். அது நின்ற பிறகு சிம்மைக் கொடுத்துவிடலாம்.

உச்சிப்புளியிலிருந்து ஒருவர்: மாத்தணும்னா வேற நம்பர் கொடுக்கணுமே. வீட்டுக்காரம்மா நம்பரைக் கொடுத்துட்டா முடிஞ்சுதானே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. போனை விட்டுவிட்டேன் என்று சொல்லும் ஆண்கள் பலரைப் பார்க்கிறேன், அவர்களைத் தேடும் அழைப்பு எல்லாம் மனைவி போனில் வருகிறது. உலை கொதிக்கும்போது பேங்கில் இருந்து ஓடிபி, மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது "அண்ணாச்சி இருக்காரா", சீட்டுப் பணம் கேட்டு ஒருவர், கல்யாண வீட்டுக்காரர் ஒருவர், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்து ராத்திரி சொல்ல வேண்டியது அந்த அம்மா. உங்களுக்குப் பாரம் குறைந்தது, அது அப்படியே அவர் தலையில் ஏறிவிட்டது, அதற்குப் பெயர் எளிமை இல்லை.

நம்பர் வீட்டுக்கு இருக்கட்டும், எந்த ஒரு ஆளுக்கும் வேண்டாம். லேண்ட்லைன் கிடைக்கிற தெருவாக இருந்தால் அதை வாங்குங்கள், ஆனால் ஓடிபிக்கு அது உதவாது, அதற்காகத்தான் அந்தப் பொது கீபேட் போன். அது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர் எடுப்பார், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கட்டும், யார் கூப்பிட்டார்கள் என்று அதில் எழுதிவிட்டால் போதும். பெரிய ரீசார்ஜ் தேவையில்லை: பேசவும் மெசேஜ் அனுப்பவும் மட்டும், டேட்டா இல்லாத ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லி, 2025 ஜனவரியில் இருந்து கிடைக்கிறது, ஒரு வருடத்துக்கும் போடலாம். வாங்கும்போது ஒன்று பாருங்கள், ஜியோவில் 2ஜி இல்லை, அந்த சிம் என்றால் 4ஜி கீபேட் போன்தான் வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர்: நான் தொழிலுக்குப் போற ஆளு. கடலுக்கும் போன் இல்லாமப் போகலாமா? எங்க தாத்தா காலத்துல என்ன போனா இருந்தது?

போகக் கூடாது. தாத்தா காலத்தில் இல்லைதான், வாடையா கச்சானா என்று காற்றை வைத்தே அவர்கள் போய் வந்தார்கள், அந்த அறிவு பெரியது. ஆனால் போய்த் திரும்பாதவர்களும் இந்தக் கரையில் அதிகம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கரையில் எவ்வளவு எளிமையாக வேண்டுமானாலும் இருங்கள், கடலில் அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, செல்போனை நம்பிக் கடலுக்குப் போவதும் தப்பு. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் டவர் எடுக்காது, தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். படகில் இருந்து பேசும் விஎச்எஃப் ரேடியோ செட், ஜிபிஎஸ், லைஃப் ஜாக்கெட், இவைதான் முக்கியம். விஎச்எஃப்பில் ஆபத்துக்கு 16வது சேனல். போன் வேண்டும் என்றால் படகுக்கென்று ஒன்று வைத்து, தண்ணீர் புகாத பையில் போட்டு, வந்ததும் படகுச் சாவியோடு சேர்த்து வைத்துவிடலாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண் படகில் பெயின்ட்டில் எழுதியிருக்கட்டும். காற்று, கடல் நிலவரத்துக்குப் பாம்பனில் இருந்து வரும் கடல் ஓசை 90.4 ரேடியோ இருக்கிறது, மீனவர்களுக்காகவே நடக்கும் சமுதாய வானொலி அது. துறைமுகத்தில் என்ன புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் யாரும் போகப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: மாப்பிள்ளை துபாய்ல இருக்காங்க அண்ணன். தினமும் வீடியோவுல பிள்ளைகளைப் பார்ப்பாங்க. எனக்கோ ராத்திரி முழுக்கப் போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணே போயிரும்போல இருக்கு.

அந்த வீடியோ பேச்சை விடவே விடாதீங்க தங்கச்சி. எளிமை என்று சொல்லிப் பிள்ளைகளிடம் இருந்து வாப்பா முகத்தை எடுத்துவிடக் கூடாது. முன்னால் சபுராளிகள், அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள், கேஸட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள், அது வந்து சேரும்வரை வீட்டில் காத்திருப்பார்கள். இப்போது அதை நினைத்துப் பார்க்க அழகாக இருக்கலாம், காத்திருந்தவர்களுக்கு அது ரொம்ப வேதனை.

உங்களுக்குத் தொல்லை அந்தப் பேச்சில் இல்லை, அது முடிந்த பிறகு போன் கையிலேயே இருப்பதில் இருக்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச விடமாட்டார்கள், எப்படியும் போட்டிம் மாதிரி ஏதாவது ஒரு ஆப்பில்தான் பேசுவீர்கள். அதை ஒரு டேப்லெட்டில் போட்டுக் கூடத்தில் வையுங்கள். நமக்கு ராத்திரி 9 மணி என்றால் அங்கே 7.30, வேலை முடிந்து வந்திருப்பார், நேரத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். படுக்கை அறைக்கு எந்தத் திரையும் போக வேண்டாம், மணி பார்க்க ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒருவர்: ஆபீஸ் உத்தரவே வாட்ஸ்அப் குரூப்லதான் வருது. என்ன பண்ண?

இப்போதைக்கு உங்களால் முழுதாக விட முடியாது. அந்தப் போனை ஆபீஸ் மேசையிலேயே வைத்துவிட்டு வர மேலதிகாரி ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் அதுவே பெரிய விடுதலை.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு அக்கா: டீக்கடையில கூட க்யூஆர் அட்டைதான் தம்பி. காசுக்கு என்ன செய்யறீங்க?

காசாகவே கொடுக்கிறேன் அக்கா, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சில்லறைதான் பாடாய்ப் படுத்தும். ஏடிஎம்மில் 500 ரூபாய் நோட்டாகவே தள்ளும், அதனால் வாரம் ஒருமுறை பேங்க் கவுன்டரில் பத்து, இருபதாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். போக முடியாத வயசாளிகளுக்குத் தபால்காரர் உதவுவார், ஆதார் இணைத்த கணக்காக இருந்தால் தபால் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக வீட்டு வாசலிலேயே ரேகை வைத்துப் பணம் எடுத்துத் தருவார்கள். கட்டாயம் யுபிஐ வேண்டும் என்றால் கீபேட் போனிலும் செய்யலாம், 2022ல் யுபிஐ 123பே என்று கொண்டுவந்தார்கள். நான் அதைப் பயன்படுத்துவதில்லை, தேவைப்படவில்லை.

மண்டபத்திலிருந்தே ஒருவர்: சென்னைக்கு டிக்கெட் போடணும்னா?

ஸ்டேஷன் கவுன்டர்தான். 60 நாள் முன்னால் திறக்கிறார்கள், அப்போதே போய்விடுங்கள். தட்கலுக்குக் கவுன்டரிலும் ஓடிபி என்று 2025ல் கொண்டுவந்துவிட்டதால் போன் இல்லாதவர் தட்கலை நம்ப வேண்டாம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி: உங்களுக்கு யாவாரம் குறையலையா அண்ணே? அப்புறம், போன் இல்லாம இணையத்துல எப்படி எழுதறீங்க?

எழுதுவது கடைக் கம்ப்யூட்டரில். மெயிலுக்கு ஓடிபி கேட்டால் பேக்கப் கோடுகளை முன்னமே பேப்பரில் அச்செடுத்துக் கல்லாவில் வைத்திருக்கிறேன்.

வியாபாரம் முதலில் கொஞ்சம் தடுமாறியது உண்மை. வெளியூர் ஆட்கள் சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஆனால் பக்கத்துக் கரை ஆட்கள் முன்பு கிழிந்த வலையைப் படம் எடுத்து அனுப்பி "இதே கண்ணி" என்பார்கள், படத்தில் கண்ணி அளவு எப்படித் தெரியும், மாறிப்போய்த் திருப்பி வரும். இப்போது ஒரு துண்டு வலையைக் கையோடு கொண்டுவருகிறார்கள், விரலை விட்டு அளந்து, நூலைத் தொட்டுப் பார்த்துக் கொடுக்கிறேன், திரும்பி வருவது அபூர்வம். வந்தவர் நண்டு எப்படிப் படுகிறது, எந்தப் பக்கம் மீன்பாடு நன்றாக இருக்கிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார். எந்த வலையை வாங்கிப் போட வேண்டும் என்பது எனக்கு அந்தப் பேச்சில்தான் தெரிகிறது.

போன் இல்லாதவன் நாலு பேரிடம் கேட்டுத்தான் வாழ வேண்டும் தம்பி. பஸ் போய்விட்டதா, டாக்டர் இருக்கிறாரா, எல்லாம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது கஷ்டம். எனக்கு இதில்தான் ருசியே. தெருவில் யாருக்கு என்ன என்று இப்போது எனக்குத் தெரிகிறது, பக்கத்து வீட்டில் உடம்பு சரியில்லை என்பதை ஸ்டேட்டஸில் பார்த்து அறிய வேண்டிய நிலை இல்லை. அவசரம் என்றால் பக்கத்தில் இருக்கும் யார் போனில் இருந்தும் 108ஐ அழைக்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

மூக்கையூரிலிருந்து ஒரு தம்பி: விசைப்படகுல போறேன். மொத்தமா விட பயமா இருக்கு. கொஞ்ச நாள் விட்டுப் பார்க்க ஏதாவது வழி சொல்லுங்க.

உனக்குத் தோதான காலம் தானாகவே வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில், நீயும் கரையில். கடல் ஆபத்து பற்றிய கவலை இல்லாமல் விட்டுப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அந்த நாட்களில்தான் கையில் வேலையும் இல்லாமல் போன் பைத்தியம் அதிகம் பிடிக்கும், அதற்கு முன்னேற்பாடு வேண்டும். வலை பிணைக்கிற வேலை, படகு பெயின்ட் வேலை, அக்கா வீட்டுக்குப் போய் வருவது, எதையாவது முன்கூட்டியே வைத்துக்கொள். தடைக்கால நிவாரணம் கணக்கில் விழுந்ததா என்று பார்க்கப் போன் வேண்டாம், பாஸ்புக்கில் பதிந்து பார்.

சோதனை என்பதால் நம்பரை எங்கும் மாற்ற வேண்டாம், சிம்மை ஒரு கீபேட் போனில் போட்டு வீட்டில் வை, ரீசார்ஜ் மட்டும் தீராமல் பார்த்துக்கொள். ஏடிஎம் கார்டு இல்லை என்றால் அதற்கு மார்ச் நடுவிலேயே எழுதிக் கொடுத்துவிடு. கடைசி வாரம் கணக்கு முடிக்கிற நெருக்கடியில் கிளையில் நிற்கவே இடம் இருக்காது, ஏப்ரல் 1 அன்று போனாலும் மக்களுக்குக் கவுன்டர் திறக்க மாட்டார்கள்.