ஊர்ப் பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு போடுவது சரியா?

"இலவசமாகக் கொடுத்தே பிள்ளைகளைக் கெடுக்கிறோம்" என்று உங்கள் ஊரிலும் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவர் கோயில் அன்னதானத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவர்.

ஊர்ப் பணம் ஒன்றும் புதிதல்ல. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது மாநகராட்சி. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும் ஊர்க்காரர்களின் நன்கொடையோடுதான் அடுப்பு எரிந்தது. (நான் எந்தக் கட்சியும் இல்லை. கொடி பிடித்துக்கொண்டு வராதீர்கள்.)

2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்களுடையது நடுநிலைப் பள்ளி. தம்பி சாப்பிடுவான், ஆறாவது படிக்கும் அக்கா தூணோரம் நின்று பார்ப்பாள். அது பொறுக்காமல்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த சிலர் ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டினோம். பணம் சுலபமாகவே வந்தது. கொடுத்தவர்கள்தான் சிக்கல்.

ஒருவர் பேரன் பிறந்தநாளுக்குக் கொடுத்தார். அவர் காரில் வந்து இறங்கும்வரை யாருக்கும் பரிமாறக் கூடாதாம். ஃபிளெக்ஸ் கட்டி, புகைப்படக்காரர் வந்து, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, ரவை உப்புமா ஆறிக் கரண்டியோடு கட்டியாகப் பெயர்ந்து வந்தது. ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி தட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். மறுநாளும் சாப்பிட வரவில்லை.

அன்றே முடிவெடுத்தோம். படம் கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது, கொடுப்பவர் பந்திக்கு வரவே கூடாது. வரவு செலவு மட்டும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். "திமிர்" என்றும் பேசினார்கள். பேசட்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் இருபது ரூபாய் கொடுத்துவிட்டு எதையும் கேட்பதில்லை. "அப்படியானால் கொடை கொடுப்பதே தவறா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பசித்த பிள்ளையை நன்றி சொல்ல வரிசையில் நிறுத்தாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் மாதச் சந்தாவாக வாங்குங்கள். திருமண நாள், பிறந்தநாள் என்று நாள் பிடித்துக் கொடுத்தால் ஆவணியில் ஒரே தேதிக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள், ஆடியில் அடுப்பு எரியாது.

இன்னொன்று. பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவதற்கு வறுமை மட்டும் காரணமில்லை, பஸ்ஸும் காரணம். பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து 7.20-க்கு ஒன்று, அதை விட்டால் பள்ளி மணி அடித்த பிறகுதான். நேரத்தை மாற்றச் சொல்லி மனு கொடுத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்திருக்கிறது. அதில் எங்கள் ஊர்ப் பெயரே தப்பு.