ஆளுக்கொரு பெட்டி, ஆன்லைனில் போட்டி: லேப்ராஸ்கோபிப் பயிற்சிக்கு ஒரு வழி

கேள்வி: தென்காசிப் பக்கம் அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நிபுணராக இருக்கிறேன். மாவட்ட ரெசிடென்சிக்கு (படிப்பின் பகுதியாக மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்கும் பயிற்சிக்கு) வந்திருக்கும் பி.ஜி. மாணவர்களும், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர் மருத்துவமனைகளில் இருக்கும் இளம் டாக்டர்களுமாகப் பத்துப் பேர் லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பழக ஆசைப்படுகிறார்கள். வாராவாரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வர டியூட்டி இடம் கொடுப்பதில்லை. ஆளுக்கொரு பயிற்சிப் பெட்டி கொடுத்து ஆன்லைனில் போட்டி வைத்துப் பழக்க முடியுமா? செல்போனில் வரும் ஆபரேஷன் விளையாட்டுகளே போதுமா? புள்ளி எப்படிப் போடுவது?

பதில்:

தாராளமாக முடியும். பெட்டி செய்வது சுலபம், வீடியோ அனுப்புவதும் சுலபம். இந்த மாதிரிப் போட்டிகள் கெடுவது புள்ளி போடுவதில்தான். வேகத்துக்குப் புள்ளி கொடுத்தால் வேகமாகத் தப்புச் செய்யப் பழகுவார்கள். அந்தக் கை அப்படியே தியேட்டருக்கும் வரும். அதனால் பெட்டிக்கு ஆணி அடிக்கும் முன்னரே புள்ளி முறையைத் தீர்மானித்து எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். அதற்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்ட செல்போன் விஷயத்தை முடித்துவிடலாம்.

நியூயார்க்கில் ஜேம்ஸ் ராஸர் குழுவினர் 33 டாக்டர்களைச் சோதித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். முன்பு வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியவர்கள் லேப்ராஸ்கோபிப் பயிற்சிகளில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள். கேம் ஆடியதால் கை வந்ததா, கை நேர்த்தி உள்ளவர்களுக்கே கேம் பிடித்துப்போனதா என்பதை அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. 'டச் சர்ஜரி' போன்ற செயலிகள் ஆபரேஷனின் படிகளை வரிசையாக மனதில் பதிய வைக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்பதற்கு நல்ல பயிற்சி. ஆனால் கண்ணாடித் திரையைத் தேய்க்கும் விரலுக்குத் திசுவின் இழுவை தெரியாது. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் உள்ளே நுனி இடப்பக்கம் போகும் அந்த எதிர்மாறும் பழகாது. நைட் டியூட்டியில் கிடைக்கும் பத்து நிமிடத்துக்குச் செல்போன் விளையாட்டு இருக்கட்டும். அதற்குத் தனியாக ஒரு வினாடி வினாப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்; கைவேலைப் புள்ளியோடு சேர்க்க வேண்டாம்.

கைக்குப் பெட்டிதான். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சாமான் பெட்டி, ஏறக்குறைய 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் போதும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி நிறம் அடர்த்தியாக இருக்க வேண்டும். மூடியில் 16 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு துளை போட்டு, சைக்கிள் ட்யூப் துண்டை மேலே ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள், 5 மி.மீ. கருவி தளர்வில்லாமல் நுழையும். உள்ளே 8 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டையை, துளைகளின் கோட்டிலிருந்து 7 செ.மீ. முன்னே தள்ளி வைத்து, அதன் மேல் பயிற்சிப் பொருளைப் பொருத்த வேண்டும். இப்போது நூல் வைத்து அளந்தால் துளையிலிருந்து துளைக்கும், ஒவ்வொரு துளையிலிருந்து பொருளுக்கும் 16 செ.மீ. வரும். சமபக்க முக்கோணம், இரண்டு கருவியும் சந்திக்கும் கோணம் 60 டிகிரி. கருவியில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும். இந்த அளவு பிசகினால் கருவிகள் ஒன்றோடொன்று மோதும், அல்லது தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டிவரும். பத்துப் பெட்டியும் ஒரே அளவில் இல்லாவிட்டால் போட்டியும் நியாயமாக இருக்காது. ஒரே ஆளிடம் கொடுத்துப் பத்தையும் செய்து வாங்குவது நல்லது.

கேமராவுக்கு யு.எஸ்.பி. வெப்கேம் போதும். 'ஆட்டோ ஃபோகஸ்' கட்டாயம் அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கருவி குறுக்கே வரும்போதெல்லாம் படம் மங்கும். கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று வைக்காவிட்டால் நம்மூர் மின்சாரத்தில் எரியும் விளக்கொளியில் திரையில் பட்டைபட்டையாக ஓடும். வெள்ளைக் காஸ் துணி பளீரென்று வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள், விளக்கைக் கூட்டாதீர்கள். திரை கண்ணுக்கு நேரே, முழங்கை 90 முதல் 120 டிகிரிக்குள் மடங்கும்படி மேசை உயரம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வீடியோ காலைத் திறந்து, அதில் தெரியும் தங்கள் படத்தையே பார்த்துக்கொண்டு பயிற்சி செய்வார்கள். படம் தாமதித்து வரும். கை முந்தும், கண் பிந்தும். நுனி இலக்கைத் தாண்டிப்போகும், திரும்ப இழுப்பார்கள். 'எனக்குக் கை நடுங்குகிறது' என்று சொல்பவர்களில் சிலருக்குக் கோளாறு படத்தில்தான் இருக்கும். கேமரா நேரே லேப்டாப்பில் தெரியும் படத்தைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். தாமதத்தை அளக்கச் செலவே இல்லை: செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள், மூடியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் போனும் லேப்டாப் திரையும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. அதிகமானால் படத்தின் தெளிவை (ரெசல்யூஷன்) 720p-க்கு இறக்கிப் பாருங்கள்.

இதே காரணத்தால்தான் நேரலைப் போட்டி வேண்டாம் என்கிறோம். அவரவர் லேப்டாப்பில் பதிவு செய்து, பிறகு அனுப்பட்டும். பதிவுக்கு 'ஓ.பி.எஸ்.' என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பை எம்.கே.வி. வடிவில் பதியச் சொல்லுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் அதுவரை பதிந்தது தப்பும், எம்.பி.4 என்றால் முழுக்கோப்பும் திறக்காமல் போகலாம். 2.5 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் 5 நிமிட வீடியோ 95 எம்.பி.க்குள் அடங்கும். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, நூல் கண்ணுக்கே தெரியாது. டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பட்டும்.

என்னென்ன பயிற்சி வைப்பது? புதிதாக யோசிக்க வேண்டாம். எஃப்.எல்.எஸ். என்ற அமெரிக்கத் தேர்வில் ஐந்து கைவேலைகள் உண்டு. அதில் மூன்று உங்களுக்குப் போதும். ஒன்று, பெக் (குச்சி) மாற்றுதல்: ஆறு வளையங்களை இடக்கையால் தூக்கி, அந்தரத்தில் வலக்கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கக் குச்சியில் போட்டு, பின் அதேபோலத் திரும்பக் கொண்டுவருவது. இடக்கைக்காரர்கள் கையை மாற்றிக்கொள்ளட்டும். இரண்டு, இரண்டு மடிப்புக் காஸில் வரைந்த வட்டத்தை மேல் மடிப்பில் மட்டும் வெட்டி எடுப்பது. மூன்று, உள்ளேயே தையல் போட்டு முடிச்சிடுவது. அந்தத் தேர்வில் இவற்றுக்கு அதிகபட்ச நேரம் முறையே 300, 300, 600 விநாடி. தேர்ச்சி பெற்றவர் கைக்கு உரிய நேரம் 48, 98, 112 விநாடி என்று ரிட்டர், ஸ்காட் இருவரும் 2007-ல் வகுத்தார்கள். உங்கள் பெட்டி உள்ளூர்ப் பெட்டி என்பதால் இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். கைதேர்ந்த இரண்டு பேரை உங்கள் பெட்டியிலேயே ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்யச் சொல்லி, சராசரியை இலக்காக வையுங்கள்.

மூன்றாவது பயிற்சிதான் ஆளை அடையாளம் காட்டும். கையுறையின் விரல் பகுதியை வெட்டி, நடுவில் சின்னக் கீறல் போட்டு, அதன் இருபுறமும் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். நூல், காலாவதியான 2-0 சில்க் (2-0 என்பது தையல் நூலின் தடிமன் அளவு), 15 செ.மீ.க்கு வெட்டியது. நீளம் கூடினால் உள்ளே சுருண்டு பார்வையை மறைக்கும். ஊசியை நேரடியாகக் கவ்வப் போனால் அது வழுக்கிச் சுற்றும். ஊசிக்கு 2 செ.மீ. பின்னால் நூலை இடக்கருவியால் பிடித்து, ஊசி நுனி தரையைத் தொடும்படி தொங்கவிட்டு மெல்ல அசைத்தால் ஊசி தானே திரும்பி நிற்கும். அப்போது நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி வலக்கருவியால் கவ்வ வேண்டும். குத்தி இழுத்த பிறகு வால் ஒன்றரை முதல் 2 செ.மீ. மட்டும் மிஞ்சட்டும். வால் நீளமாக இருந்தால் சுற்றுக்குள் அது முழுதாக வெளிவராமல் மாட்டி, முடிச்சு இருக்கிற மாதிரியே தெரியும், இழுத்தால் அவிழும். முதலில் இரட்டைச் சுற்று, பிறகு ஒற்றைச் சுற்று இரண்டு, ஒவ்வொரு தடவையும் கை மாற்றி. இறுக்கும்போது இரண்டு நுனியும் தரைக்கு இணையாக எதிரெதிரே போக வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும். ரப்பரைக் கட்டையில் வெல்க்ரோவால் மட்டும் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான். பிய்ந்து வந்தால் புள்ளி சுழியம். நோயாளியின் குடலில் இதே இழுப்பு என்ன செய்யும் என்று அவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்காது.

இனிப் புள்ளி. எங்கள் பரிந்துரை இது. முதலில் ஒரு வாசல் வையுங்கள்: வளையம் ஒன்று பார்வைக்கு வெளியே விழுந்தாலோ, காஸின் கீழ் மடிப்பு வெட்டுப்பட்டாலோ, முடிச்சு அவிழ்ந்தாலோ அந்த முயற்சி செல்லாது, நேரத்தைப் பார்க்கவே கூடாது. வாசலைத் தாண்டினால், அதிகபட்ச நேரத்தில் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்து வருவது அடிப்படைப் புள்ளி. அதிலிருந்து தவறுகளுக்குக் கழியுங்கள். வட்டத்தைக் கடிகாரம் போலப் பன்னிரண்டு பாகமாக்கி, கோட்டிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் விலகிய ஒவ்வொரு பாகத்துக்கும் 10. தையல், மார்க்கரால் வைத்த புள்ளியிலிருந்து விலகிய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 10. இலக்கு நேரத்தை எட்டியவர் அதற்கு மேல் எவ்வளவு வேகமாக முடித்தாலும் கூடுதல் புள்ளி கிடையாது. இந்த உச்சவரம்பு ஒன்றே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். 48 விநாடியை 41 ஆக்கப் பாடுபடுவதில் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

இதோடு நடுவர் புள்ளியும் வேண்டும். மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2005-ல் வெளியிட்ட 'கோல்ஸ்' அளவுகோலில் ஐந்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆழம் கணிப்பது, இரு கையும் இசைந்து வேலை செய்வது, வீண் அசைவு இல்லாமை, திசுவைக் கையாளும் பதம், தன்னிச்சையாகச் செய்யும் திறன். பெட்டியில் கடைசி அம்சத்துக்கு அர்த்தமில்லை. அதை விட்டு 20-க்குப் போடுங்கள். இரண்டு நடுவர்கள், வீடியோவில் பெயருக்குப் பதில் எண், ஒலி நீக்கப்பட்டிருக்க வேண்டும். இருவருக்கும் 4-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்க்கட்டும். சுற்று தொடங்கும் முன் நடுவர்கள் எல்லாரும் ஒரே மூன்று வீடியோவைப் பார்த்துப் புள்ளி போட்டு, ஏன் மாறுபட்டோம் என்று பேசிக்கொள்ளாவிட்டால் ஒருவர் தாராளம், ஒருவர் கறார் என்றாகிவிடும்.

'எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்து, நல்லதை அனுப்பு' என்று விட்டால் அதிர்ஷ்டம் ஜெயிக்கும். ஒரே பதிவில், நடுவில் வெட்டாமல், அடுத்தடுத்து இரண்டு தடவை செய்து காட்ட வேண்டும். இரண்டில் குறைந்த புள்ளிதான் கணக்கு. அன்று காலை அனுப்பும் நான்கு இலக்க எண்ணைத் தாளில் எழுதி, பெட்டிக்குள் கேமரா முன் காட்டிவிட்டுத் தொடங்கட்டும். கையும் துளையும் தெரியும்படி வெளியே ஒரு போனும் ஓட வேண்டும். இது சந்தேகத்துக்கு மட்டுமில்லை. தோளைத் தூக்குவதும் மணிக்கட்டை முறுக்குவதும் அதில்தான் தெரியும்.

ஒரே நாளில் பெரிய போட்டி வைத்துக் கோப்பை கொடுப்பதைவிட நான்கு வாரச் சுற்று மேல். டொரொண்டோவில் நுண்ரத்தக்குழாய்த் தையல் கற்ற 38 ரெசிடென்ட்களை (பயிற்சி டாக்டர்களை) இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரே நாளிலும், மீதிப் பேருக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரத்திலும் அதே பாடத்தை நடத்தினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது வாராவாரம் கற்றவர்கள் கைதான் நன்றாக இருந்தது. 2006-ல் வெளியான ஆய்வு அது. உங்கள் ஆட்கள் தினம் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தரவரிசைப் பட்டியலை முழுசாக வெளியிடாதீர்கள். முதல் மூன்று பேர் பெயர் மட்டும் எல்லாருக்கும். மற்றவர்களுக்கு அவரவர் போன வாரப் புள்ளியும் இந்த வாரப் புள்ளியும் தனியாகப் போகட்டும். கடைசியில் நிற்பவர்தான் முதலில் வீடியோ அனுப்புவதை நிறுத்துவார். பயிற்சி அதிகம் தேவைப்படுபவரும் அவர்தான். 'அதிகம் முன்னேறியவர்' என்றொரு பரிசு கட்டாயம் வையுங்கள். எந்த வீடியோவுக்கும் இரண்டு நாளுக்குள் மூன்று இடத்தைக் குறித்துப் பதில் போக வேண்டும்: '1:42-ல் இடக்கை சும்மா நிற்கிறது' என்கிற அளவுக்குத் துல்லியமாக. 'நன்று, இன்னும் முயற்சி செய்க' என்பது யாருக்கும் உதவாது. ஞாயிறு வீடியோ காலில் ஒரு நல்ல பதிவையும் ஒரு தடுமாறிய பதிவையும் பெயர் சொல்லாமல் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

சுற்றில் ஜெயித்தவரை மறுவாரமே பித்தப்பை ஆபரேஷனுக்குத் தனியாக விட முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் 16 ரெசிடென்ட்களை வைத்துச் செய்த சோதனையில், சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பகுதியை 29 சதவீதம் வேகமாகவும் மிகக் குறைந்த தவறுகளோடும் செய்தார்கள். ஆனால் அவர்கள், முன்பே குறித்துவைத்த தேர்ச்சி அளவை எட்டும்வரை பழகியவர்கள்; ஆபரேஷனின்போது சீனியர் டாக்டர் கூடவே இருந்தார். உங்கள் போட்டியில் மூன்று பயிற்சியிலும் இலக்கை எட்டியவருக்குக் கேமரா பிடிக்கவும், உங்கள் மேற்பார்வையில் சின்னச் சின்னப் படிகளைச் செய்யவும் முன்னுரிமை கொடுங்கள். இளம் டாக்டர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

கருவிகள் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். தியேட்டரில் ஒதுக்கிய பழைய மேரிலாண்ட் (வளைந்த நுனியுள்ள இடுக்கி), கத்தரி, நீடில் ஹோல்டர் (ஊசி பிடிக்கும் கருவி) பயிற்சிக்கு வரலாம். கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள், அவை மறுபடி தியேட்டர் பக்கம் போகக் கூடாது. ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். குவார்ட்டர்ஸில் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பெட்டி போகிறது என்பதை மறக்க வேண்டாம். பயன்படுத்திய ஊசி துளைபடாத வெள்ளை டப்பாவில் சேர்ந்து, மருத்துவமனைக் கழிவோடு போக வேண்டும். முதல் வாரம் ஊசி இல்லாத பெக் பயிற்சியை மட்டும் வைத்து, பத்துப் பேரின் கேமரா, தாமதம், வீடியோ ஏற்றுதல் மூன்றும் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த வாரப் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.