மே மாதத்தில் பிடித்த வீடு

கேள்வி: குன்னூரில் ஆறு வருடமாக 11,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கேத்தி பக்கம் சரிவில் ஒரு வீடு 45 லட்சத்துக்கு வருகிறது. மே மாதம் போய்ப் பார்த்தோம், ரொம்பப் பிடித்துவிட்டது. கையில் 14 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். கணவருக்கு வங்கி வேலை, எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரலாம். “வாடகை கொடுப்பது தண்டம்” என்கிறார் மாமனார். வாங்கலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: இந்த வருடம் வேண்டாம்.

வாடகை திரும்பி வராது என்று மாமனார் சொல்வது சரிதான். வட்டி மட்டும் திரும்பி வருமா? பத்திரச் செலவே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று சுமார் 4 லட்சம் ஆகும். உங்கள் 14 லட்சம் போக, அதையும் சேர்த்து 35 லட்சம் கடன் வாங்கினால், எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 30,000-ஐத் தாண்டும். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் ஏறத்தாழ 24,800. இப்போது வீட்டுக்காரருக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு வருடத்தில் மாற்றல் வந்து விற்க நேர்ந்தால், பத்திரத்துக்குப் போட்ட 4 லட்சம் போனது போனதுதான். அந்த 45 லட்சம் உங்கள் இன்றைய வாடகையில் 34 வருடம். வாடகை ஏறும், வீட்டு விலையும் ஏறலாம், சரி. அப்படியும் இடைவெளி பெரிது.

கணக்கை விடுங்கள். எனக்குக் கவலை, நீங்கள் வீடு பார்த்த மாதம். மே மாதத்தில் நீலகிரியில் எந்த வீடுதான் பிடிக்காது? குன்னூர், கேத்தி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வீட்டைச் சோதிக்கும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பகுதிகளில் சரிந்த மண் உங்களுக்கும் நினைவிருக்கும். மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு அங்கே மறுபடி போங்கள். மேட்டுப் பக்கச் சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்து, உள்சுவரில் கை வைத்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள். அதில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் குழாய்களில் தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. மழை பெய்தும் குழாய் காய்ந்திருந்து, சுவர் வயிறு தள்ளி நின்றால், அந்தப் பக்கமே வேண்டாம்.

கோத்தகிரியில் நான் குடியிருந்த ஒரு வீட்டில், டிசம்பரில் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம். உள்ளே கல்யாணப் பட்டுப்புடவை வரைக்கும் ஏறியிருந்தது. வாடகை வீடு என்பதால் அடுத்த மாதமே காலி செய்தேன். புடவைக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த வீட்டின் மேல் ஆசை விடவில்லை என்றால், ஒரு வருடம் வாடகைக்குத் தருவாரா என்று விற்பவரைக் கேளுங்கள். மழையையும் ஜனவரிப் பனியையும் பார்த்துவிடலாம், மாற்றல் விஷயமும் தெளிவாகும். அதற்குள் 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். “மலையில அனுமதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாங்க” என்று புரோக்கர் சொன்னால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.