ஃபுட்பால் அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்கும் அப்பாவுக்கு

டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு குடும்பம் கல்லூரி ஆலோசனை கேட்டு என்னிடம் ஜூமில் வந்தது. அப்பா, அம்மா, பதினொன்றாம் வகுப்பு முடித்த பையன். பையன் மூன்று வருடமாகப் பள்ளி ஃபுட்பால் அணியின் மாணவ மேனேஜர். (ஊரில் இருக்கும் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுபவர்கள், இது ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) தண்ணீர், பந்துகள், வீடியோ கேமரா எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு நாளும் இறங்கி ஆடியதில்லை. கல்லூரியிலும் இதே வேலையில் சேர்ந்து, பிறகு ஒரு பல்கலைக்கழக அணியில் ஆபரேஷன்ஸ் டைரக்டர் ஆக வேண்டும், முடிந்தால் கோச்சும் ஆக வேண்டும் என்கிறான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா, "கோயம்புத்தூரில் எங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது சார்?" என்றார்.

முதல் ஐந்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அண்ணன் பேச்சு மூன்றாவது முறை வந்ததும், "பெரியப்பா ஃபீஸ் கட்டப் போகிறாரா?" என்று கேட்டுவிட்டேன். இல்லையாம். அப்படியென்றால் அவரை இந்த ஜூமிலிருந்து இறக்கிவிடுங்கள் என்றேன். பையன் முதல் முறையாகச் சிரித்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், மருத்துவம் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆள் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். "முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கட்டும், அப்புறம் பிடித்ததைச் செய்யட்டும்" என்கிறார் அப்பா. இந்தத் தொழிலில் அந்த 'அப்புறம்' கிடைப்பது கஷ்டம். 18 வயதில் மாணவ ஊழியராக உள்ளே போவதுதான் வழக்கமான வாசல். 22 வயதில் பட்டத்தோடு வந்து நிற்பவனைவிட, நான்கு வருடம் அங்கேயே மூட்டை தூக்கியவனைத்தான் கோச்சுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, ஆபரேஷன்ஸ் டைரக்டர் என்னதான் செய்கிறார்? நம் வீட்டுக் கல்யாணத்தில் மண்டபம், சமையல், வேன், பூ என்று ஓடும் தாய்மாமனை நினைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12 கல்யாணம், ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசி வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில். வெளியூர் ஆட்டம் என்றால் உடைகளும் தலைக்கவசங்களும் ஏற்றிய லாரி அணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை தனி விமானம். நூறுக்கும் மேற்பட்டவர்கள், அதில் பலர் 300 பவுண்டு ஆட்கள், அவர்களுக்குப் பக்கத்து இருக்கையைக் காலியாக விடுவது வரை இவர் பார்க்க வேண்டும். ஹோட்டலில் யார் யாரோடு அறை, எந்த ஹாலில் தாக்குதல் அணிக்கூட்டம், எந்த ஹாலில் தடுப்பு அணிக்கூட்டம், இரவு எத்தனை மணிக்குக் கதவு தட்டிச் சரிபார்ப்பது, மறுநாள் ஆட்டத்துக்குச் சுமார் நாலு மணி நேரம் முன்பு சாப்பாடு, போலீஸ் வண்டி முன்னே போக பஸ்கள் கிளம்பும் நிமிடம். எல்லாம் ஒரே தாளில் நிமிடக் கணக்கில் அச்சாகி ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். இடைவேளை 20 நிமிடம். அதற்குள் நூறு பேர் உள்ளே போய், பேசி, ஏதாவது சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். பக்கத்தில் மின்னல் அடித்தால் ஆட்டம் நிற்கும். கடைசி மின்னலிலிருந்து குறைந்தது 30 நிமிடம் கழித்துத்தான் தொடரும். அந்த நேரத்தில் விமான நிறுவனத்துக்கும் ஹோட்டலுக்கும் போன் அடிப்பவரும் இவர்தான்.

இதற்குள் விதிகளும் உண்டு. பருவ காலத்தில் மாணவ வீரர்களிடம் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. வசந்த காலத்தில் 15 பயிற்சி நாட்கள். கோச் ஆசைப்பட்டதையெல்லாம் இந்தக் கணக்குக்குள் அடக்கி அட்டவணை போடுவது மண்டையைக் காயவைக்கும் வேலை. பையனுக்கு இது பிடித்திருக்கிறது. பள்ளி அணிக்கு அவன் போட்ட பயண அட்டவணையைத் திரையில் காட்டினான். மழை பெய்தால் மாற்று வழி என்று இரண்டாவது தாளும் வைத்திருந்தான். அந்தத் தாளை அப்பா அன்றுதான் பார்த்தார்.

"ஆடாதவன் எப்படி சார் கோச் ஆவான்?" நியாயமான கேள்வி. உங்கள் டெக்சஸிலேயே பதில் இருக்கிறது. லப்பக்கில் டெக்சஸ் டெக் அணிக்கு 2000 முதல் 2009 வரை தலைமை கோச்சாக இருந்த மைக் லீச் கல்லூரியில் ஆடியவர் அல்ல, சட்டம் படித்தவர். அவர் விதிவிலக்கு என்பதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2024இல் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை தலைமை கோச்சோடு 10 துணைக் கோச்சுகள் மட்டுமே களத்தில் கற்றுத்தரலாம். அந்த வருடம் முதல் கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவு அணிகளில் மற்ற ஊழியர்களும் பயிற்சியில் கற்றுத்தரலாம். அலுவலகப் பக்கம் இருப்பவன் களத்துப் பக்கம் நகர இப்போது வழி கொஞ்சம் அகலம்.

அலுவலகப் பக்கமே வளர்ந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். அதில் ஃபுட்பாலுக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2024 இறுதியில் தன் முன்னாள் வீரர் ஆண்ட்ரூ லக்கை ஃபுட்பால் ஜெனரல் மேனேஜராக நியமித்தது இந்தக் காற்றில்தான். எக்செல் தெரிந்த பிள்ளைக்கு இங்கே இடம் உண்டு, அம்மா.

இனி கசப்பான பகுதி. தலைமை கோச் போனால் அவரோடு வந்தவர்களும் பெரும்பாலும் போவார்கள். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் தலைமை கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். அவருக்குக் கீழே அட்டவணை போடுகிறவருக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தம் கிடைக்காது. இந்தத் தொழிலில் பத்து வருடத்தில் நான்கு ஊர் மாறத் தயாராக இருக்க வேண்டும். ஆரம்பச் சம்பளமும் குறைவு. அரசுப் பல்கலைக்கழக ஊழியர் சம்பளம் டெக்சஸில் பொது ஆவணம். என்னைக் கேட்காமல் நீங்களே தேடிப் பாருங்கள்.

அதனால்தான் செலவு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். இந்தத் தொழிலுக்காக வெளிமாநிலத் தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்காதீர்கள். பையன் பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் இருக்கிறான். ஏ அண்ட் எம் உட்படப் பல டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் சட்டப்படியே அவனுக்கு இடம் உண்டு. உள்மாநிலக் கட்டணம், ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் அல்லது கணக்குப் பாடம், கூடவே அணியில் மாணவ மேனேஜர் வேலை. முதுகலை படிப்பதானால் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்கும் கிராஜுவேட் அசிஸ்டென்ட் இடம் கிடைத்தால் மட்டும். கிடைக்கவில்லையா, படிக்க வேண்டாம்.

கணக்கோடு ஆசிரியர் சான்றிதழும் எடுத்து வைக்கச் சொன்னேன். டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் ஃபுட்பால் கோச் அந்த மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும், பலரும் ஆசிரியர்கள்தான். கல்லூரி வேலை போனாலும், கணக்கு வாத்தியாராக, கோச்சாக ஊரோடு தங்கலாம். அம்மா அழுகையை நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. இந்தப் பையன் இங்கே பிறந்தவன். உங்கள் பிள்ளை எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருந்தால் நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். 21 வயதில் அந்த விசா முடியும். மாணவர் விசாவுக்கு மாறினாலும், ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் போன்ற பட்டத்துக்குப் படிப்புக்குப் பின் 12 மாத வேலை அனுமதிதான், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இல்லை. அங்கே முதலில் வக்கீலைப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆபரேஷன்ஸ் அலுவலகத்துக்கும் பையன் தானே ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். அந்தப் பயண அட்டவணையை இணைக்கட்டும், மழைத் தாளையும் சேர்த்து. அப்பா எழுதித் தர வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அப்பாவுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மைதானத்துக்குப் போய், ஆட்டத்தை விட்டுவிட்டுப் பையனை மட்டும் மூன்று மணி நேரம் பார்க்க வேண்டும். மூன்று வருடத்தில் அவர் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லையாம். ஜூமை மூடும் முன் பையனிடம் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார். ஆட்டம் ஏழு மணிக்கு, ஆனால் நான் மூன்றரைக்கே போயிடுவேன் அப்பா, என்றான்.