கிணற்றருகே மண்ணெண்ணெய்: சவர்க்காரத் தூள் ஊற்றலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவுக் கிணற்றருகே நீரிறைக்கும் இயந்திரத்திலிருந்து மண்ணெண்ணெய் ஒழுகி மணலில் இறங்கிவிட்டது. பலமுறை இறைத்தும் மணமும் எண்ணெய்ப் படலமும் திரும்பி வருகின்றன. சுற்றிவரச் சவர்க்காரத் தூள் கரைத்து ஊற்றச் சொல்கிறார் மைத்துனர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். மைத்துனர் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது; ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

மணலில் இறங்கிய எண்ணெயை நிலத்தடி நீர் துண்டு துண்டாக அறுத்துவிடுகிறது. மணல்மணிகளுக்கிடையே சிக்கிய ஒவ்வொரு துளியும் தன்னைவிட ஒடுக்கமான வழியால் நெளிந்து வெளியேற வேண்டும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை அதற்கு விடாது. எவ்வளவு இறைத்தாலும் நீர் துளியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். துளி அங்கேயே கிடந்து மெல்ல மெல்லக் கரையும். மணம் திரும்புவது இதனால்தான். படலமும் திரும்புகிறது என்றால், ஓடக்கூடிய எண்ணெய் மேல்மணலில் இன்னும் மிச்சமிருக்கிறது.

எண்ணெய் வயல்களிலும் இதே சிக்கல்தான். நீரைச் செலுத்தி எடுத்த பின்னும் பெரும்பாலும் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறைத் துளைகளில் தங்கிவிடும். சில வயல்களில் சவர்க்காரம் போன்ற இரசாயனங்களைச் செலுத்துகிறார்கள். மீற்றருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டனாக உள்ள இழுவிசை 0.01 அளவுக்கு இறங்கும்போது துளிகள் நெளிந்து, ஒன்றுசேர்ந்து ஓடத் தொடங்கும். ஓடிவருவதை ஏந்திக்கொள்ள அங்கே உற்பத்திக் கிணறு காத்திருக்கும். உங்கள் வளவில் அந்த இடத்தில் இருப்பது நீங்களும் அயலவர்களும் குடிக்கும் கிணறுகள். சலவைத் தூள் இழுவிசையை அவ்வளவு குறைக்காது. ஆனாலும் எண்ணெயைப் பால்போலக் கலக்கி நீரோடு அனுப்ப அது போதும்.

மாரி தொடங்குமுன் எண்ணெய் ஊறிய மணலை வெட்டி அகற்றுங்கள். நீர்மட்டம் ஏறிவிட்டால் எண்ணெய் அதன் அடியில் சிறைப்படும். பிறகு எடுப்பது மிகக் கடினம். அகற்றிய மணலைத் தடித்த பொலித்தீனில் மூடிவைத்து, எங்கே சேர்ப்பது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். மேலே மிதப்பதை எண்ணெய் உறிஞ்சும் துணியால், மேலிருந்தபடியே ஒற்றி எடுங்கள். யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. ஆவி மயக்கும், தீயும் பற்றும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்தரை என்பதால் ஒட்ட இறைக்கவும் வேண்டாம். அடியிலிருந்து உவர்நீர் ஏறிவிடும்.

கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவித்து, நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் வரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு நீர் எடுங்கள். மணம் போய்விட்டாலும் அறிக்கை வரும்வரை பொறுங்கள்.