எந்தக் கடவுளைப் பற்றிச் சண்டை?

கேள்வி: என் நண்பனுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, எனக்கு இல்லை. "உலகம் தானாக வந்திருக்காது, அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும்" என்பான் அவன். "அப்படியானால் பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோய் ஏன் வருகிறது?" என்பேன் நான். இரண்டு வருடமாக இதே சண்டை. தத்துவம் படித்தவர்கள் யார் பக்கம்?

பதில்: இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். உங்கள் சண்டை முடியாததற்கு வேறு காரணம் இருக்கிறது. நீங்கள் இருவரும் பேசுவது ஒரே கடவுளைப் பற்றி அல்ல.

நண்பருடையது பழைய வாதம், வலுவானதும்கூட. ஒன்றுமே இல்லாமல் போகாமல் ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்று 1714-ல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் கேட்டார். "அப்போ கடவுளைப் படைத்தது யார்?" என்று மடக்கிவிடலாம் என நினைக்காதீர்கள். இல்லாமலும் போயிருக்கக்கூடிய பொருள்களுக்குத்தான் அவர் விளக்கம் கேட்கிறார், இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்றுக்கு அல்ல; கடவுள் அப்படிப்பட்டவர் என்பது அவர் வாதம். 1948-ல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் என்ற பாதிரியாரோடு வாதாடிய தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் வேறு வழியில் போனார். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் இருக்க வேண்டுமா என்று கேட்டார். உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் கேள்வியின் வாயைப் பொத்துவது போலவும் எனக்குத் தோன்றும்.

சரி, நண்பரே ஜெயித்துவிட்டதாக வையுங்கள். கையில் கிடைப்பது ஒரு மூலகாரணம். அதற்கு இரக்கம் உண்டா? கூப்பிட்டால் கேட்குமா? ஒன்றா, பலவா? இந்த உலகம் ஏதோ ஒரு குட்டித் தெய்வம் செய்து பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக் கைவிட்ட முதல் முயற்சியாக இருக்கக் கூடாதா என்று தன் உரையாடல் நூலில் ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கேட்டார் தத்துவவாதி ஹ்யூம். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1779-ல்தான் அந்த நூல் வெளிவந்தது. மூலகாரணத்திலிருந்து நன்மையையும் வருவிக்க, இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸ் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அது தனி வாதம், தனியாகத்தான் ஜெயிக்க வேண்டும்.

இனி உங்களுடையது. எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது: இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரண் என்று 1955-ல் நாத்திகத் தத்துவவாதி மேக்கி வாதிட்டார். சுதந்திரமுள்ள மனிதர்களைப் படைத்துவிட்டு, அவர்கள் தவறே செய்யாதபடி செய்வது எல்லாம் வல்லவராலும் முடியாததாக இருக்கலாமே என்று கிறிஸ்தவத் தத்துவவாதி பிளான்டிங்கா பதில் சொன்னார். முரண் இல்லை என்ற அளவுக்கு நாத்திகர்கள் பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். பிறகு 1979-ல் நாத்திகத் தத்துவவாதி வில்லியம் ரோ ஒரு மான்குட்டியை உதாரணமாகக் காட்டினார். யாரும் பார்க்காத காட்டுத்தீயில் கருகி, நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. இதில் யாருடைய சுதந்திரம் இருக்கிறது? உங்கள் குழந்தை உதாரணமும் இந்த இனம்தான். நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கலாம் என்பது நியாயமான மறுப்பே. ஆனால் அந்தப் படுக்கையருகே நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆக, நீங்கள் ஜெயித்தாலும் நண்பரின் மூலகாரணத்துக்கு ஒரு கீறலும் விழாது. அன்பே இல்லாத மூலகாரணம் எந்தக் குழந்தைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல.

அடுத்த முறை அவர் ஆரம்பிக்கும்போது, உன் கடவுளுக்கு இரக்கம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் புற்றுநோயை விட்டுவிடுங்கள். உண்டு என்றால் குமாரில பட்டரின் கேள்வி இருக்கிறது. வேதத்தை ஏற்று, படைத்தவனை ஏற்காத மீமாம்சகர் அவர்; மீமாம்சை பழைய இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்று. படைப்புக்கு முன் உயிர்களே இல்லையே, யார்மேல் இரக்கப்பட்டுப் படைத்தான் என்று கேட்டார். அப்புறம் உங்கள் முறை. வெறும் மூலகாரணத்தை மறுக்க உன்னிடம் என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்பார். ரஸல் சொன்னதைத் தவிர வேறு ஏதாவது கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.